பிளசருக்கு மூச்சு முட்டிய ஐப்பசி

மாடிப்படியில் ஏழாவது படி வந்ததும் உங்களுக்கும் நின்றுவிடுகிறதா? எனக்கு நிற்கிறது. மனசு விறுவிறுவென்று மேலே போய்விடுகிறது. உடம்பு மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "நீ முன்னால போ, நான் பொறகால வாரேன்" என்கிறது. போன வாரம் அப்படி நின்றுகொண்டிருந்தபோது என் மகன் கீழேயிருந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, பிக்கப் இல்லையா?" என்றான். அவனுக்கே அறுபது ஆகப்போகிறது. அவன் படி ஏறுகிற அழகை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பிக்கப் என்ற வார்த்தை அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் கிடையாது. "வண்டி இழுக்கலீங்க" என்பார்கள். அந்த இரண்டு வார்த்தையை ஒரு ஐப்பசி முழுக்கக் காலையும் மாலையும் கேட்டேன். ஒரு மனிதருடைய பிழைப்பும் பேரும் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. தொங்கவிட்டது யார் என்று கடைசியில் சொல்கிறேன். நீங்கள் கெட்டிக்காரர்கள், நடுவிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தாலும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருங்கள். இந்த வயதில் கதை சொல்கிறவளுக்கு வேறு என்ன மரியாதை இருக்கிறது?

அன்னூர் பக்கத்தில் எங்கள் தோட்டம். முப்பதுகளில் ஒரு வருஷம். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். எனக்கு ஒன்பது வயது, இடது கடைவாய்ப்பல் சொத்தையாகி என்னைப் பாடாய்ப்படுத்திய வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது காரை யாரும் கார் என்று சொல்லவில்லை. பிளசர்தான். எங்கள் பிளசர் மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. உள்ளே தோல் இருக்கையில் பாதி சுருட்டு நாற்றம், பாதி நாய் நாற்றம். வீட்டுக்கு வந்த அன்று அம்மா சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு நின்றாள். அப்பா குறுக்கே விழுந்து தடுத்திராவிட்டால் துரையோடு சேர்த்து இருக்கையும் கழுவப்பட்டிருக்கும்.

அந்த வண்டிக்குப் பெட்ரோல் டேங்க் பின்னால் இல்லை. எஞ்சினுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில், மேலே இருந்தது. அதற்கு வட்டமாக, பளபளவென்று ஒரு மூடி. மிதிபலகையில் ஏறி நின்று பார்த்தால், இரண்டு விளக்கும் இரண்டு கண், இந்த மூடி நெற்றி. மூடியின் நட்டநடுவில் எறும்பு நுழைகிற அளவுக்கு ஒரு துளை.

பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற முள், துரை காலத்திலேயே செத்துவிட்டது. அதற்குப் பதிலாக அப்பா ஒரு முழ நீளத்துக்கு வேப்பங்குச்சி சீவி, கத்தியால் வெட்டுக்கோடு போட்டு வைத்திருந்தார். மூடியைத் திறப்பார், குச்சியை விடுவார், எந்தக் கோடு வரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார், கடைசியாக ஒருமுறை மோந்தும் பார்ப்பார். அந்தக் குச்சி குடைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். எங்கள் வீட்டில் செங்கோல் அதுதான்.

வண்டி ஓட்டியவர் கோயமுத்தூர்க் கோட்டைமேட்டு ராவுத்தர். வீட்டில் எல்லாருக்கும் ராவுத்தர், எனக்கு மாமா. கன்றுக்குட்டியைக்கூட "சித்த நவுருங்க" என்று கேட்கிற சீமை நம்முடையது. அதில் எங்கள் அப்பா மட்டும் 'ங்க'வை நெய் மாதிரி பார்த்துப் பார்த்து விடுகிறவர். ஆனால் ராவுத்தருக்கு மட்டும் குறை வைத்ததில்லை. "வாங்க ராவுத்தரே, வண்டிய எடுங்க ராவுத்தரே" என்பார். அம்மா ஒருமுறை, "எனக்கு இத்தன 'ங்க' போட்டிருந்தா நான் இன்னும் நல்லாச் சமைச்சிருப்பேன்" என்றாள்.

ஆயுத பூஜை வந்தது. ஏர், அரிவாள், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலைச்சால், அப்பாவின் மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்துவிட்டு, பிளசருக்குப் பெண்பிள்ளை கையால் வைத்தால் நல்லது என்று அம்மா சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தாள். நான் மிதிபலகையில் ஏறினேன். அந்தத் துளையைப் பார்த்தேன். வெள்ளைக்காரனுடைய புத்தியை நினைத்து ஆச்சரியப்பட்டேன். பொட்டு நிற்பதற்காகவே நெற்றியில் குழி போட்டு அனுப்பியிருக்கிறானே! மோதிர விரலில் சந்தனத்தை எடுத்துக் குழி நிறைய வைத்து அழுத்தி, அதன்மேல் வட்டமாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். பக்கத்தில் நின்ற ராவுத்தர், "அம்மிணி, இப்பத்தான் பிளசருக்குக் களையே வந்திருக்குது" என்று சொல்லிவிட்டுப் பொரியையும் கடலையையும் துண்டில் முடிந்துகொண்டார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பொட்டைப் புதுப்பிப்பது என் உத்தியோகம். ராவுத்தர் தினமும் வண்டியைத் துடைப்பார். மூடியை மட்டும், பொட்டைச் சுற்றி வட்டமாகத் துடைத்துவிட்டு, பொட்டின் மேல் துணி படாமல் பார்த்துக்கொள்வார்.

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். கோயமுத்தூர் போய் வந்த அப்பா, செருப்பைக் கழற்றும் முன்பே, "வண்டி இழுக்கல" என்றார்.

ராவுத்தர் பின்னாலேயே கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "ஆமாங்க. ஊட்ல இருந்து கெளம்பி மூணு நாலு மைலு குதிரையாட்டம் போவுதுங்க. அப்புறம் மிதிச்சா மிதிதான் உள்ள போவுது, வண்டி முன்னால போவ மாட்டேங்குது. மேட்டப் பாத்தா பசிச்ச மாடாட்டம் நிக்குதுங்க. எண்ணெய் வந்து சேரலீங்க. ஏன் சேரலீன்னுதான் தெரியல."

பாதி வியாதியை அன்றைக்கே அவர் சொல்லிவிட்டார். மீதிப் பாதிக்கு ஒரு மாதம் ஆயிற்று.

மறுநாள் மரத்தடியில் விரிப்பு விரித்து வண்டியின் வயிற்றைப் பிரித்தார். பெட்ரோல் வருகிற குழாயைக் கழற்றினார். ஓடை மாதிரி கொட்டியது. கார்புரேட்டரைக் கழற்றி, அதன் சின்னக் கண்ணில் வாயை வைத்து ஊதினார். ஊதியதில் உதடு வெந்துபோய் இரண்டு நாள் காரம் தொடவில்லை. டின்னில் இருந்த பெட்ரோலை எல்லாம் மான்தோலில் வடிகட்டினார். ஒரு தூசி இல்லை. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தால் மூன்று மைல் குதிரை, நாலாவது மைலில் மாடு.

இங்கே என் மாமனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் தம்பி. காலேஜுக்கு அனுப்பினார்கள், காலேஜ் திருப்பி அனுப்பியது. கறுப்புக் கண்ணாடி ஒன்று வைத்திருந்தார். பிளசரை ஓட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் லட்சியம். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தினம் ஒரு தீர்ப்புச் சொல்வார். பிளக்கில் கரி என்றார். அம்மாவின் புளியில் பாதியை எடுத்து பிளக்கைத் தேய்த்தார். அன்று வீட்டில் ரசம் இல்லை, வண்டியில் இழுவையும் இல்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். ராவுத்தர் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிக்காட்டினார். கடைசியில் மாமன் புத்தகத்தை மூடிவிட்டு, புத்தகத்தில் இல்லாத ஒரு வியாதியைச் சொன்னார்.

"மச்சான், பெட்ரோல்ல சீமெண்ணெ கலந்திருக்குதுங்க. பெட்ரோல் எங்கியோ போவுது. எண்ணெய் யாரு கைல இருக்குதோ அவிகளத்தான் கேக்கோணும்."

அப்பா உடனே நம்பவில்லை. ஆனால் குச்சியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏற ஆரம்பித்தார். வழியில் வண்டி சோர்ந்து நின்றால் இறங்குவார், மூடியைத் திறப்பார், குச்சியை விடுவார், மோந்து பார்ப்பார். அளவு சரியாக இருக்கும். வாசம் சரியாக இருக்கும். மூடியைப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தால் வண்டி குதிரையாகிவிடும்.

அவர் திறக்கும்போதெல்லாம் வண்டி 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு விடும். ஒருநாள் கூடப் போயிருந்தபோது நான் அதைக் கேட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"உங்கப்பனக் கண்டா எல்லாரும் அப்பிடித்தான் கண்ணு பெருமூச்சு உடறோம்" என்றாள் அம்மா. அத்தோடு அந்த உஸ் முடிந்தது. யோசித்துப் பார்த்தால், அந்த மாதம் உண்மையைப் பேசியது அந்த வண்டி ஒன்றுதான்.

ஐப்பசி கடைசியில் பெருந்துறையில் அத்தை மகளுக்குக் காதுகுத்து. அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கச்சி. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நீண்ட வழி என்று ராவுத்தர் டேங்க் தளும்பத் தளும்ப ஊற்றினார். விடியும் முன் கிளம்பினோம். என் மடியில் சீர்த்தட்டு, தட்டில் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை, வெல்லம், தேங்காய்.

அன்றைக்கு மூன்று மைல்கூடப் போகவில்லை. இரண்டு மைலுக்கே மாடு. அப்பா இறங்கினார், திறந்தார், உஸ், குச்சி, மோப்பம், ஏறினார், குதிரை. மறுபடி இரண்டு மைல், மறுபடி மாடு. அவினாசி தாண்டும்போதே சூரியன் ஏறிவிட்டது. ஒரு கட்டை வண்டிக்காரர் எங்களைத் தாண்டிப் போனார். போகிறவர் திரும்பிப் பார்த்து, "வாரனுங்க" என்று வேறு சொல்லிக்கொண்டு போனார். அப்பாவின் கழுத்து நரம்பு துடிப்பதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ நின்றபோது மாமன் அப்பாவின் காதுக்கு அருகே வந்தார். ராவுத்தருக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்.

"நீங்க எறங்கித் தொறந்து பாத்தா ஓடுதுங்க. நீங்க ஏறி உக்காந்தா நிக்குதுங்க. எஞ்சினுக்கு உங்களத் தெரியுமுங்களா மச்சான்? டிரைவருக்குத்தான் தெரியும். குத்தம் எண்ணெயில இல்ல. வஞ்சனை கால்ல இருக்குது."

ராவுத்தரின் முதுகு ஒருமுறை விறைத்தது. அவர் திரும்பவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் தாண்டி, ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் வைத்துக் காது குத்தி முடித்துவிட்டிருந்தார்கள். குழந்தை சிவந்த காதோடு மிட்டாய் தின்றுகொண்டிருந்தது. அத்தை, "வாங்கண்ணா" என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அப்பா வெறும் மடியை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். எண்பது வயதுக்கு மேல் எவ்வளவோ மறந்துவிட்டது, அவர் குனிந்தது மறக்கவில்லை.

அன்று மாலை களத்தில் நின்று அப்பா பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"ராவுத்தரே, சிங்காநல்லூர்ப் பட்டறை ஆசாரி வர்ற வெள்ளிக்கெழம வாராரு. கூட ஏறி வரட்டும். வண்டில குத்தம் இருந்தா அவரு சொல்லுவாரு. இல்லீன்னா, இந்தச் சுத்துப்பட்டுல எந்தத் தோட்டத்துலயும் நீங்க ஸ்டேரிங்கத் தொட மாட்டீங்க. நான் சொல்லி வெப்பேன்."

ராவுத்தர் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "கைய வேணா எடுத்துக்குங்க மொதலாளி. பேர எடுத்துப்போடாதீங்க. ஊட்ல நாலு புள்ளைகளுக்கு நான் வெச்சுட்டுப் போறதுக்கு அது ஒண்ணுதானுங்க இருக்குது."

வெள்ளிக்கிழமைக்குள் என் கடைவாய்ப்பல் தன் வேலையைக் காட்டியது. கன்னம் பூசணிக்காய் ஆயிற்று. வாயில் கிராம்பு, தலையைச் சுற்றித் துணிக்கட்டு. எப்படியும் வண்டி கோயமுத்தூர் போகிறது, பல்லைப் பிடுங்கிக்கொண்டு வரட்டும் என்று என்னையும் ஏற்றிவிட்டார்கள். என் வாழ்நாளில் நான் வாய் திறக்காமல் இருந்த நாள் அது ஒன்றுதான். அந்த நாளாகப் பார்த்தா இந்தச் சோதனை வர வேண்டும்?

கிளம்பும் முன் அம்மா சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். "நல்லாப் பெருசா வையி கண்ணு. ராவுத்தர் பொழைக்கோணும்."

வைத்தேன். மூன்று பொட்டுச் சந்தனத்தை ஒரே பொட்டாகக் குழியில் அழுத்தி வைத்தேன். குலசாமியை எல்லாம் கூப்பிட்டு, மாமாவைக் காப்பாற்று, வண்டியை இழுக்க வை என்று மனசுக்குள் அழுதுகொண்டே அழுத்தினேன். அவ்வளவு பக்தியாக நான் அதற்குப் பிறகு எந்தக் கோயிலிலும் வேண்டிக்கொண்டதில்லை.

ஆசாரி ஒல்லியான மனிதர். ஆலை எஞ்சின், கிணற்று எஞ்சின் எல்லாம் பார்த்த கை. வெற்றிலையை மென்றுகொண்டு பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமன் கறுப்புக் கண்ணாடியோடு அந்தப் பக்கம். அப்பா முன்னால், ராவுத்தருக்குப் பக்கத்தில். ராவுத்தர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்ட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். வழி நெடுக அப்பா சாலையைப் பார்க்கவில்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒரு மைல் ஆயிற்று, இரண்டு மைல் ஆயிற்று, வண்டி பறந்தது. ராவுத்தரின் பிடரியில் வேர்வை இறங்கியது. கோவில்பாளையத்து மேடு தெரிந்ததும் எஞ்சின் ஒருமுறை விக்கியது. எனக்குக் கிராம்பு தொண்டைக்குள் போய்விட்டது.

"மிதிச்சிருக்கறனுங்க, பாத்துக்குங்க, முழுக்க மிதிச்சிருக்கறனுங்க" என்றார் ராவுத்தர். கால் கடைசிவரை இறங்கியிருந்தது. வண்டி திக்கித் திணறி, நடு மேட்டில் நின்றது.

அப்பா இறங்கினார். வழக்கம்போலத் திறந்தார், குச்சியை விட்டார். அளவு சரி. மூடியைப் போட்டார்.

"நீ எறங்கு" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று ராவுத்தருக்கு முதலில் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ராவுத்தரிடம் அவர் அப்படிப் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"உன்னத்தான். எறங்கு. மாப்பிள்ளை ஓட்டட்டும்."

ராவுத்தர் இறங்கினார். மாமன் முன்னால் போய் ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டார். பாட்டரி எப்போதோ படுத்துவிட்டதால் முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். மாமனுக்குச் சுற்ற வராது. ராவுத்தரே முன்னால் போய்ச் சுற்றினார். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. வண்டி குதிரை மாதிரி கனைத்தது.

அப்பா சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "நீ நடந்து வா" என்றார்.

ராவுத்தர் ஹேண்டிலைக் கையில் பிடித்தபடி ஓரமாக ஒதுங்கினார். புழுதி அவரை மூடிக்கொண்டது. பின்கண்ணாடி வழியாக நான் அவர் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தேன். கத்தியிருக்கலாம். வாய்க்கட்டு இருந்தது என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். என்ன கத்தியிருப்பேன் என்பதுதான் தெரியவில்லை.

மாமன் ஓட்டினார். மேடு ஏறியது. மைல்கல் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று. "பாத்தீங்களா மச்சான், வண்டில ஒரு குத்தமுமில்லீங்க" என்று சொல்லி, சந்தோஷத்தில் ரப்பர் ஹாரனை மூன்றுதரம் அமுக்கினார். ஆசாரி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது மைல்கல் தாண்டி அடுத்த ஏற்றத்தில் எஞ்சின் விக்கியது. மாமன் மிதித்தார். நன்றாக மிதித்தார். எழுந்து நின்று மிதிக்காத குறை. வண்டி இரண்டு குலுங்கு குலுங்கி நின்றது.

ஆசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, உங்க கால்லயும் வஞ்சனையுங்களா?"

மாமன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அதை அவர் பகலில் கழற்றி நான் பார்த்தது அன்றுதான்.

"தொறந்தா ஓடுது, மூடுனா நிக்குது. இப்ப நான் தொறக்கறேன். எல்லாரும் சித்தச் சத்தமில்லாம இருங்க" என்ற ஆசாரி, மூடியின் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு, மெல்லத் திருகினார்.

உஸ்ஸ்ஸ்.

அன்றைய பெருமூச்சு ரொம்ப நீளம். ஆசாரி மூடியைக் கவிழ்த்துப் பார்த்தார். வேலியிலிருந்து ஒரு கருவேல முள்ளை ஒடித்து வந்து துளையில் விட்டுக் கிளறினார். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக அவர் உள்ளங்கையில் விழுந்தது. மஞ்சள், பிறகு சிவப்பு, பிறகு மஞ்சள், பிறகு சிவப்பு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தனித்தனியாக வந்து விழுந்தது.

"மூச்சு ஓட்டைங்க இது. எண்ணெ டின்னுல ஒரே ஓட்டை போட்டுக் கவுத்தா எண்ணெ வருமுங்களா? எதுத்தாப்புல இன்னொரு ஓட்டை போடறமில்லீங்க, காத்து போறதுக்கு? அதுதான் இது. காத்து உள்ள போவாம எண்ணெ எப்பிடிக் கீழ எறங்கும்? டேங்க்கு நெறைய நெறைய இன்னும் வெரசலா மூச்சு முட்டும். நீங்க தொறந்தப்பல்லாம் காத்து போயிருக்குது, ஓடியிருக்குது. குச்சி விட்டு அளந்தீங்க பாருங்க, அதுதானுங்க இத்தன நாளா வைத்தியம்."

டின்னுக்கு இரண்டு ஓட்டை போடுவது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கே தெரியும்.

"யாரு வெச்ச பொட்டுங்க?" என்று கேட்டார் ஆசாரி.

நான் வலது கையைப் பாவாடைக்குள் மறைத்தேன். மோதிர விரலில் காலையில் வைத்த சந்தனம் காய்ந்து விண்விண்ணென்று இழுத்துக்கொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். என் கன்னத்துக் கட்டைப் பார்த்தார், பாவாடையைப் பார்த்தார்.

மாமன்தான் முதலில் தேறினார். "கண்டுபுடிச்சாச்சில்லீங்க, போலாம். ஹேண்டில எடுங்க."

ஹேண்டில் அங்கே இல்லை. அது எங்கே இருக்கிறது என்று நான்கு பேருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது.

"தள்ளிக் கெளப்பலாமுங்க. வண்டியத் திருப்பிப் பள்ளத்துல உட்டா..." என்று மாமன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வேண்டாம்" என்றார் அப்பா. "நிக்கட்டும்."

மூன்று மைல். நடந்தால் ஒரு மணி நேரம். அதுவும் நடந்து வருகிறவர் வந்தால். திரும்பி அன்னூருக்கே போய்த் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டால்? அப்படிப் பேசியபின் எந்த மனிதன் நம் பின்னால் நடந்து வருவான்? இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பா சாலையின் நடுவில் போய் நின்றுகொண்டு வந்த வழியைப் பார்த்தார். மேகம் இறங்கி, கரிசல் மண் வாசம் எழுந்தது. சோளக்காட்டில் ஒரு குருவிக்கூட்டம் விழுந்து எழுந்தது. தூறல் போட்டது. அப்பா குடையை எடுக்கவில்லை.

ஒரு பாரவண்டி வந்தது. வண்டிக்காரர் நிறுத்தி, "ஏனுங்க, பிளசரு படுத்துக்குச்சுங்களா? மாட்டக் கட்டி இழுக்கட்டுங்களா?" என்றார்.

"வேண்டாமுங்க" என்றார் அப்பா. "டிரைவர் வாராருங்க."

ஆசாரி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். வாராருங்க.

அப்பா திருப்பம் வரை நடந்து போனார், திரும்பி வந்தார். மறுபடி போனார். என் பல் வலி எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. நான்காவது முறையோ என்னவோ, திருப்பத்தில் போன அப்பா அங்கேயே நின்றுவிட்டார்.

ராவுத்தர் வந்துகொண்டிருந்தார். தோளில் ஹேண்டில், தலையில் நனைந்த துண்டு, வெறுங்கால். செருப்பு வண்டிக்குள்ளேயே கிடந்தது. எங்களைக் கண்டதும் ஓட ஆரம்பித்தார்.

"ஹேண்டில உட்டுப்போட்டு வந்துட்டீங்களே மொதலாளி!" மூச்சிரைத்தது அவருக்கு. "கூப்புட்டனுங்க, கேக்கல. நடுவழில நின்னுபோச்சுன்னா அம்மிணிய வெச்சுட்டு என்ன பண்ணுவீங்கன்னுதான் வேகமா வந்தனுங்க."

ஆசாரி மூடியை அவரிடம் நீட்டினார். உள்ளங்கையில் இருந்த மஞ்சளையும் சிவப்பையும் காட்டினார். ராவுத்தர் மூடியைத் தூக்கி வானத்துக்கு எதிரே பிடித்து, துளை வழியாக ஒரு கண்ணால் பார்த்தார்.

"இத நீங்க பாக்கலீங்களா ராவுத்தரே?" என்றார் ஆசாரி.

"நெதமும் பாத்தனுங்க" என்றார் ராவுத்தர். "பொட்டுன்னு பாத்தனுங்க. ஓட்டைன்னு பாக்கலீங்க."

அப்பா அவர் தோளிலிருந்து ஹேண்டிலை எடுத்தார்.

"ராவுத்தரே, ஏறிக்குங்க. உக்காருங்க. சித்த மூச்சு வாங்கிக்குங்க. அப்புறம் எடுங்க."

ஒரே மூச்சில் நான்கு 'ங்க'. நான் விரல் விட்டு எண்ணினேன், சந்தன விரலும் சேர்த்து. அப்பா வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்து ஹேண்டிலைச் சொருகினார். முதல் சுற்றில் அது திருப்பி அடித்து அவர் மணிக்கட்டைப் பிடுங்கியது. இரண்டாவது சுற்றிலும் அடித்தது. "மொதலாளி, நான் சுத்தறனுங்க" என்று ராவுத்தர் பாதி எழுந்தார். "உக்காருங்கன்னேன்" என்றார் அப்பா. மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கோயமுத்தூர் வரைக்கும் வண்டி எங்குமே நிற்கவில்லை. அப்பா முன்னால் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் பின்னாலிருந்து எக்கி, ராவுத்தரின் காதருகே வாயைக் கொண்டுபோனேன். "நாந்தானுங்க மாமா" என்றேன். வீங்கிய வாயில் அது "நாந்தாந்ந மாமா" என்று வந்தது.

"தெரியுமுங்க அம்மிணி" என்றார் அவர், திரும்பாமல். "வர்ற வெள்ளிக்கெழம ரெண்டு விரல் தள்ளி வெச்சுப்போடுங்க."

பல்லைப் பிடுங்கினார்கள். நான் அழவில்லை. எனக்கு அன்றைக்கு அழுவதற்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அதற்குப் பிறகு எங்கள் பிளசருக்குப் பொட்டு எப்போதும் கொஞ்சம் ஓரமாகத்தான் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு வண்டி ஒன்றரைக் கண்ணாகத் தெரியும்.

வேப்பங்குச்சியை ஆணியில் காணோம். நாலு நாள் கழித்துத்தான் பார்த்தேன். கிணற்றடியில் அம்மா ஊன்றியிருந்த அவரைக் கன்றுக்குப் பக்கத்தில் அது நின்றது. நட்டது அப்பா என்று அம்மா சொன்னாள். கத்தி வெட்டுக்கோடு ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு, அந்தக் கொடி எங்கும் நிற்காமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது.